பவளத்திட்டின் மேல் முதல் தடவை மிதக்கப் போகிறவர்களுக்கு

பவளத்திட்டை முதன்முதலாகப் பார்க்கும் பரவசத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கண்ணையும் மூக்கையும் மூடும் நீச்சல் மாஸ்க் ஒழுகுவதுதான். உள்ளே தண்ணீர் புகுந்ததும் பதறிப்போய் காலை ஊன்றிவிடுவார்கள். உருண்டைப் பவளங்களில் பல ஆண்டுக்கு 1 செ.மீ. அளவுக்கே வளர்பவை. ஒரு மிதியில் எத்தனை ஆண்டு வளர்ச்சி போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே மணல் தரையுள்ள இடுப்பளவு தண்ணீரில் முதலில் பழகுங்கள். வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. விளிம்புக்கு அடியில் நாலு முடி சிக்கினாலே ஒழுகும் (மீசைக்காரர்களுக்கு இது தீராத தொல்லை). வாரை இறுக்காதீர்கள், விளிம்பு மடிந்து இன்னும் மோசமாகும். தண்ணீர் புகுந்தால் தலையை லேசாக நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதுங்கள், கீழ்வழியாக வெளியேறிவிடும்.

துடுப்புக் காலணியை இடுப்பிலிருந்து மெதுவாக அடிக்க வேண்டும். சைக்கிள் மிதிப்பதுபோல் உதைத்தால் மணல் கிளம்பிப் பவளத்தின் மேல் படியும். பவளத்துக்குள் வாழும் பாசிக்கு வெளிச்சம் குறையும்; பவளத்துக்குச் சோறு போடுவதே அந்தப் பாசிதான். பவளத்துக்கு மேல் 1 மீட்டர் தண்ணீர்கூட இல்லாத வற்றுநேரத்தில் இறங்கவே வேண்டாம்.

ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வெயில்தடுப்பு ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கு, பவளத்துக்குக் கேடு என்று ஹவாயில் 2021 முதல் தடை உண்டு. என்னைக் கேட்டால் முழுக்கை நீச்சல் சட்டைதான் மேல், ஏனென்றால் மிதக்கும்போது முதுகுதான் வேகும். துத்தநாக ஆக்சைடு களிம்பு முகம், கழுத்து, முழங்காலின் பின்புறத்துக்கு மட்டும் போதும்.