அடிஸ் அபாபாவில் ஐந்து நாட்கள்

என் தம்பி ராணிப்பேட்டையில் தோல் தொழில்நுட்பராகப் பணியாற்றியவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில், நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு டேனரியில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் பக்கத்துத் தோல்காரர்களுக்கு அந்த நாடு புதிதன்று. அதன் மலைநாட்டு ஆட்டுத் தோல் மெல்லியதாக இருந்தாலும் உறுதியானது, கையுறைக்கு ஏற்றது என்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேசிக்கொள்வதைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். சென்ற அக்டோபரில் ஆயுத பூஜையை ஒட்டிக் கிடைத்த விடுமுறையில் நானும் என் வீட்டுக்காரரும் அவனிடம் போய் ஐந்து நாட்கள் தங்கி வந்தோம். புறப்படும் முன் அவன் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அக்கா, இது ஊட்டியைவிட உயரம். ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிடாதே."

ஏற்பாடுகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்றிதழைக் காட்ட வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பிறகே அந்தச் சான்றிதழ் செல்லும். நாங்கள் கிண்டி கிங் நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டோம். விமானம் சென்னையிலிருந்து நேராகவே போகிறது. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைத்தால் போதும்.

எங்கள் ஊரான வேலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அடிஸ் அபாபாவின் நடுப்பகுதியோ ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரம். இந்த வித்தியாசம் முதல் நாள் மாலையில், தம்பி குடியிருக்கும் மூன்றாவது மாடிக்குப் படியேறும்போதே தெரிந்துவிட்டது. இரண்டாவது மாடியில் நின்று, மூச்சு வாங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போனேன். அன்றிரவு அவனுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று நானே உலை வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது, ஆனால் எவ்வளவு நேரம் ஆனாலும் பருக்கைக்கு நடுவில் அரிசி நின்றது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் சூடேறுவதில்லை. பள்ளிப் புத்தகத்தில் படித்ததுதான், எனினும் பானைக்குள் பார்த்தபோதுதான் புரிந்தது. தம்பி சிரித்துக்கொண்டே குக்கரை எடுத்துக் கொடுத்தான்.

இந்த நகரத்தின் கதையே உயரத்திலிருந்து இறங்கி வந்த கதைதான். எத்தியோப்பியாவின் நடுப்பகுதியான ஷோவாவின் மன்னராக அப்போது இருந்த இரண்டாம் மெனெலிக் தம் தலைநகரை எண்டோட்டோ மலையின் மேல் வைத்திருந்தார். அது 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். பாதுகாப்பான இடம்தான், ஆனால் குளிரும் காற்றும் கடுமை, விறகும் கிடைக்கவில்லை. மலையடிவாரத்தில் ஃபில்வோஹா என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. அரசி தைத்துவுக்கு அந்த இடம் பிடித்துப்போய், 1886இல் அங்கே வீடு கட்டச் செய்து, 'அடிஸ் அபாபா' என்று பெயரிட்டார். அம்ஹாரிக் மொழியில் 'புது மலர்' என்று பொருள். அந்த நிலத்தில் முன்பே வாழ்ந்த ஒரோமோ மக்கள் அதை ஃபின்ஃபின்னே என்று அழைத்தார்கள்; இன்றும் அழைக்கிறார்கள்.

கீழே இறங்கியும் விறகுப் பஞ்சம் விடவில்லை. ஊர் பெருகப் பெருகச் சுற்றியிருந்த காடு அழிந்து, மலைகள் மொட்டையாகிவிட்டன. மேற்கே அடிஸ் ஆலெம் என்ற இடத்துக்குத் தலைநகரை மாற்றிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. அந்தக் காலத்தில்தான், 1890களில், ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் அங்கே வந்தது. நாம் தைல மரம் என்கிறோமே, அதேதான். சீக்கிரம் வளர்கிறது, வெட்டினால் மறுபடியும் துளிர்க்கிறது. ஊர் இடம்பெயராமல் நின்றதற்கு அந்த மரம் பெரிய காரணம். அங்குள்ளவர்கள் அதை 'பஹிர் ஸாஃப்' என்கிறார்கள். கடல் கடந்து வந்த மரம் என்று பொருள்.

மூன்றாம் நாள் காலையில் எண்டோட்டோவுக்கு ஏறினோம். வண்டியின் கண்ணாடியை இறக்கியதும் தைல வாசனை முகத்தில் வந்து மோதியது. சளி பிடித்தபோதெல்லாம் அம்மா கைக்குட்டையில் விட்டுக் கொடுத்த நீலகிரித் தைலத்தின் வாசனை. மழைக்காலம் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் சரிவெல்லாம் பச்சை. மலை மேல் மெனெலிக்கின் பழைய அரண்மனை எளிய வீடு போலவே இருக்கிறது. 1889இல் அவர் பேரரசராக முடிசூடிய மரியம் தேவாலயம் பக்கத்திலேயே நிற்கிறது. நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. 1981இல் ஜலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டதால் அதில் ஒன்று பொய்யாகிவிட்டது. மலை மட்டும் இன்னும் பாறையாகவே இருக்கிறது. மொட்டையாகிப்போன ஒரு மலையில் மனிதர் நட்ட மரம் நிழல் தருவதைப் பார்த்தபோது எனக்கு ஏக்கமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அந்தக் காட்டை வெறும் அழகாகவும் பார்க்க முடியவில்லை. இறங்கும் வழியில் ஒரு பெண் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். தைல மரக் கிளைகளையும் தழைகளையும் கட்டி முதுகில் சுமந்திருந்தார். அந்தக் கட்டு அவருடைய உயரத்தைவிட நீளம். கயிறு தோளையும் மார்பையும் இறுக்கி இழுக்க, இடுப்பு மடிந்து, கண் தரையையே பார்த்திருந்தது. காலில் பிளாஸ்டிக் செருப்பு. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருப்பார். கீழே ஊருக்குள் கொண்டுபோய் அடுப்புக்கு விற்பார்கள் என்று தம்பி சொன்னான். இந்த மரம் நிலத்தடி நீரை அதிகம் உறிஞ்சுகிறது, தன்னடியில் வேறு செடியை எளிதில் வளரவிடுவதில்லை என்ற குறையும் உண்டு. ஊட்டிப் பக்கத்திலும் அதே குறையைச் சொல்கிறார்கள். நகரைக் காத்த மரமும் அதுதான், அந்த அம்மாளின் முதுகை வளைத்த சுமையும் அதுதான்.

மற்ற இடங்களில் தேசிய அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. 1974இல் ஹதாரில் கிடைத்த, 32 லட்சம் ஆண்டுகள் பழமையான லூசி என்ற ஆதி மனித மூதாதையின் எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன. காட்சியில் இருப்பது நகல், அசல் பத்திரமாக உள்ளே இருக்கிறது. அம்ஹாரிக்கில் அவள் பெயர் 'திங்கினேஷ்', 'நீ அதிசயமானவள்' என்று பொருள். மெர்க்காட்டோ சந்தையில் ஒரு மணி நேரம் நடந்ததிலேயே களைத்துப்போனோம்.

உணவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சைவம் என்பதால் பயந்துகொண்டே போனோம். ஆனால் அங்குள்ள மரபுவழிக் கிறித்தவர்கள் புதனும் வெள்ளியும் நோன்பிருந்து இறைச்சி, பால், முட்டை எதையும் தொடுவதில்லை. 'நோன்புச் சாப்பாடு' என்று கேட்டால் பருப்பு, கீரை, கடலைமாவில் செய்த ஷிரோ எல்லாம் ஒரே பெரிய இஞ்செராவின் மேல் வந்துவிடுகின்றன. இஞ்செரா என்பது தெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடுவது. தம்பி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாள் சுடும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். நாம் தோசை மாவை நடுவில் ஊற்றி வெளியே இழுக்கிறோம். அவர் வட்டக் கல்லின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடித்தார். மாவின் மேல் ஆயிரம் கண்கள் திறந்ததும் மூடிபோட்டார். திருப்பிப் போடவே இல்லை. பிறகு வறுக்காத காபிக்கொட்டையை எங்கள் கண்முன்னே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுவந்து முகரச் செய்து, இடித்து, ஜெபெனா என்ற மண்குடுவையில் காய்ச்சி, மூன்று முறை ஊற்றினார். முதல் காபிக்கு அபோல், இரண்டாவதற்குத் தோனா, மூன்றாவதற்குப் பெரெக்கா என்று பெயர். மூன்றாவது, ஆசீர்வாதம். அது குடிக்காமல் எழுந்திருப்பது மரியாதை இல்லை.

ஊர் திரும்பிய அன்று காட்பாடி வீட்டில் அம்மா ஆட்டுக்கல்லை ஓரம் தள்ளிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அரண்மனை, அருங்காட்சியகம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இஞ்செராவைச் சொன்னபோதுதான் குறுக்கிட்டு, மாவை எத்தனை நாள் புளிக்க வைக்கிறார்கள் என்று கேட்டார். இரண்டு மூன்று நாள் ஆகும் என்றேன்.

"நம் வீட்டில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கி வழிகிறது. மூன்று நாள் ஆகிறது என்றால் அங்கே என்ன குளிர் இருக்கும் பார்," என்றவர், சிறிது யோசித்துவிட்டு, "அடுத்து யார் அந்தப் பக்கம் போகிறார்கள் என்று விசாரி. தம்பிக்கு இன்னொரு கம்பளி கொடுத்தனுப்ப வேண்டும்," என்றார்.