ஜோர்டான் படம் இரண்டு தடவை

நாளிதழ் ஒன்றின் விளையாட்டு டெஸ்க்கில் உதவி ஆசிரியராக இருந்தபோது, கூடைப்பந்தின் தலைசிறந்த 50 பேரை வரிசைப்படுத்தி ஓர் இணைப்பிதழ் போடச் சொன்னார்கள். முதலிடத்துக்குச் சண்டையே வரவில்லை. மைக்கேல் ஜோர்டான் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனோம். அவரோடு ஒரே அணியில், சிகாகோ புல்ஸில் ஆடிய ஸ்காட்டி பிப்பனிடம் வந்துதான் இரண்டு ராத்திரி மாட்டிக்கொண்டோம்.

சீஃப் சப், அதாவது தலைமை உதவி ஆசிரியர், பிப்பனுக்கு 35-ஆம் இடம் கொடுத்திருந்தார்.

"ஜோர்டான் பக்கத்துல நின்னா யாருக்கும் 6 கோப்பை கிடைக்கும்ப்பா."

"பிப்பன் இல்லாம ஜோர்டான் எத்தனை ஜெயிச்சார் சார்?"

ஒன்றுகூட இல்லை. அது அவருக்கும் தெரியும். கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்குப் பெரிய ஆதாரம் 1993-94 சீசன். ஜோர்டான் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்; திரும்பி வந்தது பிறகுதான். முந்தைய சீசனில் 57 ஆட்டங்களை வென்றிருந்த சிகாகோ புல்ஸ், அவர் இல்லாமலே 55 வென்றது. பிப்பனின் சராசரி ஆட்டத்துக்கு 22 புள்ளி. சீசனின் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் ஒலஜுவான், டேவிட் ராபின்சன் இருவருக்கும் அடுத்து இவர்தான்.

கோளாறு எங்கள் அட்டவணையிலும் இருந்தது. புள்ளி, கோப்பை, விருது எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தோம். தடுப்பாட்டத்துக்குக் கட்டமே இல்லை. சிறந்த தடுப்பாட்ட அணிகளில் 10 முறை இடம்பெற்றவர், அதில் 8 முறை முதல் அணியில். 1991 இறுதித் தொடரில் மேஜிக் ஜான்சனை மறிக்கும் வேலை பெரும்பாலும் இவர் தலையில்தான் விழுந்தது. எதிராளி போடாத புள்ளியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சம்பளத்தையும் சொன்னேன். 1991-இல் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மாட்டிக்கொண்டவர். 1997-98 சீசனில் ஜோர்டானுக்கு 3.3 கோடி டாலர், இவருக்கு 28 லட்சத்துக்கும் கீழே. லீக்கில் 122-ஆவது சம்பளம். டெஸ்க்கே கம்மென்று ஆகிவிட்டது. அது எங்களுக்கு இன்கிரிமென்ட் மாதம்.

சீஃப் சப் விடவில்லை. "அந்த 1.8 செகண்டுக்கு என்ன சொல்ற?"

1994 பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றில், நியூயார்க்குக்கு எதிரான மூன்றாவது ஆட்டம். முடிய 1.8 செகண்ட்தான் மிச்சம். கடைசி ஷாட்டைச் சக வீரர் டோனி குகோச் போடட்டும் என்றார் பயிற்சியாளர் பில் ஜாக்சன். பிப்பன் கோபித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். குகோச் போட்டார், புல்ஸ் ஜெயித்தது. இதில் நான் பிப்பன் பக்கம் நிற்க மாட்டேன். ஆனால் 1.8 செகண்டுக்கு எத்தனை இடம் கழிப்பது?

"சரி, 23 போடு."

"அது ஜோர்டானோட ஜெர்சி நம்பர் சார்."

22 ஆனது.

படத்துக்கு லேஅவுட் தம்பி எடுத்து வந்தது 1997 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்துப் படம். உடம்புக்கு முடியாமல் துவண்டு சாய்கிற ஜோர்டானைப் பிப்பன் தாங்கிப் பிடித்திருப்பார். "இவரை மட்டும் தனியா வெட்ட முடியலை சார், கையும் சேர்ந்து போயிடுது" என்றான். அப்படியே போட்டோம்.

மறுநாள் ஒரு வாசகர் போன் செய்தார். ஜோர்டான் படத்தை ஏன் இரண்டு தடவை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.