தீபாவளிக்கு முந்தைய தேய்பிறை

16.10.2024, புதன்

வடகிழக்குப் பருவமழை நேற்றுத் தொடங்கிவிட்டதாக வானிலை மையம் அறிவித்திருக்கிறது. கரிசல் இளகிவிட்டதால் ஆடுகளை ஓடைக்கு அப்பால் ஓட்டிப்போக முடியவில்லை. நாளை பௌர்ணமி. அதன் பிறகு தீபாவளி வரை நிலவு தேயத் தேய ஆட்டின் விலை ஏறும். திருடனுக்கென்றே பஞ்சாங்கம் பார்த்து வைத்ததுபோல, கறிக்குப் பெயர்போன பண்டிகை அமாவாசையை ஒட்டியே வந்து சேர்கிறது.

18.10.2024, வெள்ளி

தொழுவத்தில்தான் படுப்பேன் என்று அய்யா இன்றும் பிடிவாதம் பிடித்தார். அவர் கால் வீக்கம் முழங்காலைத் தாண்டியிருக்கிறது. அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் கயிற்றுக் கட்டிலை வீட்டுக்குள் இழுத்துப் போட்டுவிட்டார்.

20.10.2024, ஞாயிறு

மாலையில் அறிமுகமில்லாத இருவர் பைக்கில் வந்து, கிடாய் விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். விலை சொன்னதும் பேரம் பேசாமல் போய்விட்டார்கள். வாங்க வந்தவன் பேரம் பேசாமல் போவானா என்பதுதான் அய்யாவின் கேள்வி. பகலில் ஒருவன் தொழுவத்தின் வாசலையும் பாதையையும் பார்த்துப் போவான். இரவில் பின்னிருக்கையைக் கழற்றிய கார் வரும். கத்தாமல் இருக்க வாயைச் சுற்றிப் பட்டை ஒட்டி, காலைக் கட்டி உள்ளே எறிந்தால், விடிவதற்குள் மாவட்டம் தாண்டிவிடலாம்.

காரைக் கண்டால் விரட்டிப் பிடிப்போம் என்று சித்தப்பா மகன் வீறாப்பாகச் சொன்னான். அய்யா அவனை அதட்டி, நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதனை நினைவுபடுத்தினார். 2021 நவம்பரில் ஆடு திருடர்களைப் பைக்கில் நெடுந்தூரம் துரத்திச் சென்ற அவர், கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். சீருடை போட்டவருக்கே அந்தக் கதி என்றால் டார்ச்சும் கம்பும் வைத்திருப்பவனுக்கு என்ன பாதுகாப்பு? சத்தம் போடு, விளக்கைப் போடு, வண்டி எண்ணைப் பார், அதற்குமேல் போகாதே என்பதே அய்யாவின் உத்தரவு.

23.10.2024, புதன்

மூன்று ஆடுகள் இல்லை. நாய் குரைக்கவில்லை.

24.10.2024, வியாழன்

காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, ஆட்டுக்கு என்ன அடையாளம் என்பது. பால்கன்னி இனம், கறுப்பு உடல், முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு என்றேன். கோவில்பட்டிப் பக்கத்து ஆடுகளில் பாதி அப்படித்தானே இருக்கும் என்றார் எழுத்தர். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆட்டின் காதில் மாட்டியிருந்த அடையாள வில்லையின் 12 இலக்க எண்ணைக் கொடுத்தேன். அதை அறுத்து எறிய எவ்வளவு நேரமாகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. ஜூலை முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில், 5000 ரூபாய்க்கும் குறைவான பொருளை முதல் முறையாகத் திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனையாம். அப்படியானால் பால்குட்டியைத் தூக்குகிறவனுக்குத் தெருக்கூட்டும் வேலை கிடைக்கலாம். காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படித்தேன். ஆடு செத்தால் பணம் உண்டு, களவு போனால் இல்லை.

போன மூன்றில் ஒன்று ஈன்று இருபது நாள்கூட ஆகாத தாயாடு. அதன் குட்டி பஞ்சாரத்துக்குள் கத்திக்கொண்டே இருக்கிறது. அம்மா புட்டிப்பால் கொடுக்கிறார். ரப்பரைக் கடித்துத் துப்புகிறது.

நாய் சிப்பிப்பாறை. தெருவில் இலை அசைந்தாலும் எழுந்து நிற்கும். அது ஏன் குரைக்கவில்லை?

25.10.2024, வெள்ளி

21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பை டில்லியில் இன்று தொடங்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வரும்போது மூன்றைக் குறைத்து எழுதிக்கொள்ளட்டும்.

26.10.2024, சனி

எட்டயபுரம் சந்தைக்கு இருட்டோடு போய்ச் சேர்ந்தோம். குட்டியையும் சாக்கில் வைத்துக் கொண்டுபோகச் சொன்னது அய்யாதான். வேற்றுக் குட்டி மடியில் வாய் வைத்தால் வெள்ளாடு முட்டித் தள்ளும். தன் குட்டியென்றால் வாலடியை மோந்து பார்த்துவிட்டுப் பின்னங்காலை அகட்டிக்கொடுக்கும். எந்த எழுத்தரும் மறுக்க முடியாத சாட்சி அது என்பது அவர் வாதம். மடி கனத்த கறுப்பு ஆட்டை எங்கே கண்டாலும் நின்று பார்த்தேன். ஒன்றின் காது நுனி கிழிந்து, ரத்தம் காய்ந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. அதன் முகத்தில் கோடு செம்பழுப்பாக இருந்தது, எங்களுடையது அன்று. திருட்டு ஆட்டை யாராவது பக்கத்துச் சந்தையில் இறக்குவானா தம்பி என்று வியாபாரி ஒருவர் பரிவாகவே கேட்டார்.

28.10.2024, திங்கள்

மீதியிருக்கும் ஆடுகளின் இடப்பக்க முகம், வலப்பக்க முகம், காது வெட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தேன். கோடு ஒவ்வொன்றுக்கும் வேறுவேறாகத்தான் வளைகிறது. எழுத்தரிடம் காட்ட வேண்டும்.

சென்ற ஆண்டு எங்களிடம் ஆடு மேய்த்த பையன் கையால்தான் நாய் சோறு தின்று வளர்ந்தது. அவன் பெயரை நிலையத்தில் சொல்லக் கூடாது என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். மழைச் சத்தத்தில் நாய்க்குக் கேட்டிருக்காது என்கிறார். அன்றிரவு பெய்தது வெறும் தூறல்.

30.10.2024, புதன்

நிலையத்திலிருந்து அழைப்பு. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு காரைப் பிடித்திருக்கிறார்களாம். உள்ளே கறுப்பு ஆடுகள், எல்லாம் காது அறுபட்டவை. அடையாளம் காட்ட வரச் சொன்னார்கள். பிடிபட்டவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. அம்மா குட்டிக்குப் பால் கொடுக்காமல் பசியோடு வைத்திருக்கிறார். பத்து மணிப் பேருந்து.