பி.எஸ்சி.யா, பி.சி.ஏ.வா? கணிதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "அண்ணா, இன்ஜினியரிங் கிடைக்கலை. ஆர்ட்ஸ் காலேஜில் கம்ப்யூட்டர் படிச்சா வேலை கிடைக்குமா?" நானும் தமிழ் மீடியத்தில் படித்து, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, இப்போது கோவையில் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன்தான். கிடைக்கும். ஆனால் எந்தப் பட்டம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஐ.டி. கம்பெனிகளில் பி.எஸ்சி.க்கும் பி.சி.ஏ.வுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விப்ரோவின் வில்ப் திட்டம் இரண்டு பட்டக்காரர்களையும் எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கிறது. தொடக்கச் சம்பளம் பி.டெக். முடித்தவர்களைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். இதை வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

என்னுடைய இன்டர்வியூவில் தாளில் இரண்டு டேட்டாபேஸ் டேபிள் வரைந்து கொடுத்தார்கள். ஒன்றில் கஸ்டமர்கள், இன்னொன்றில் ஆர்டர்கள். ஒரு ஆர்டர்கூடப் போடாத கஸ்டமர்களை எடுக்க வேண்டும். எல்லா கஸ்டமர்களையும் வைத்துக்கொண்டு ஆர்டர்களைப் பக்கத்தில் சேர்க்கும் லெஃப்ட் ஜாயின் போட்டு, ஆர்டர் பக்கம் 'நல்' (காலி) என்று வரும் வரிகளை மட்டும் எடுத்தேன். ஆர்டர்கள் பல லட்சம் ஆனால் என்ன செய்வாய் என்றார்கள். ஆர்டர் டேபிளில் கஸ்டமர் எண்மேல், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் வேண்டும் என்றேன். ஏன் என்று அதையும் விடாமல் கேட்டார்கள். என்ன பட்டம் என்ற பேச்சே வரவில்லை. தமிழ் மீடியம் பிள்ளைகள் இப்படி ஒரு விடையை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். விஷயம் தெரிந்தும் வாய் வராமல் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

பட்டம் குறுக்கே நிற்பது அரசு வேலையிலும் மேற்படிப்பிலும்தான். இஸ்ரோவின் சயின்டிஸ்ட்/இன்ஜினியர் வேலைக்கு பி.இ., பி.டெக். கேட்பார்கள். வங்கி ஐ.டி. ஆபீசர் தேர்வுக்கு 4 வருட இன்ஜினியரிங் பட்டமோ, எம்.சி.ஏ. போன்ற முதுநிலைப் பட்டமோ வேண்டும். வெறும் பட்டதாரி என்றால் கூடவே டோயக் 'பி' லெவல் என்ற கம்ப்யூட்டர் படிப்பை முடித்திருக்க வேண்டும். 2024-இல் கேரளத்தில் வந்த நாலாண்டுப் பட்டத்தைப் பலர் பி.டெக்.குக்குச் சமம் என்று நினைக்கிறார்கள். இன்ஜினியரிங் பட்டம் என்று கேட்கும் இடத்தில் அது செல்லாது.

அதனால் எம்.சி.ஏ.வை மனதில் வையுங்கள். இப்போது பெரும்பாலான கல்லூரிகளில் அது 2 வருடம்தான். திருச்சி, வாரங்கல் என்.ஐ.டி.களில் அதில் சேர நிம்செட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ படித்திருக்க வேண்டும். தேர்விலும் இப்போதைய முறையில் 1000 மதிப்பெண்ணில் 600 கணிதத்துக்கே போகிறது.

எனவே அட்மிஷனுக்குப் போகும்போது சிலபஸை வாங்கிப் பாருங்கள். பி.சி.ஏ.வில் கணிதம் பேருக்குத்தான் இருக்கிறது, பி.எஸ்சி.யில் நன்றாக இருக்கிறது என்றால் பி.எஸ்சி.யையே எடுங்கள். காமர்ஸ் படித்துவிட்டு பி.சி.ஏ. சேர்பவர்கள், நாலாண்டுத் திட்டத்தில் மைனர் பாடம் (துணைப்பாடம்) தேர்வு செய்யும்போது கணிதமோ புள்ளியியலோ கிடைக்குமா என்று முதல் செமஸ்டரிலேயே டிபார்ட்மென்டில் போய்க் கேளுங்கள்.