பெயி என்றால் நாடு

பிரெஞ்சு வகுப்பில் இந்த முறை மேடம் கொடுத்த ப்ராஜெக்ட் இது: ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மக்கள், சாப்பாடு, கோயில், பேச்சு என்று இரண்டு பக்கம் பிரெஞ்சில் எழுத வேண்டும். பிறகு வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். பிரான்ஸில் உள்ள வட்டாரமாகவும் இருக்கலாம், சொந்த வட்டாரமாகவும் இருக்கலாம். என் தோழி உடனே பூர்கோஞ் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் சேர்வராயன் மலை என்று எழுதினேன்.

சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அந்த மலை மேல் இருக்கும் ஏற்காட்டுக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஏரியில் படகு, சூடாக பஜ்ஜி, லேடீஸ் சீட் என்ற மலை முனையில் நின்று இருட்டில் சேலத்து விளக்குகளைப் பார்ப்பது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மலை. அங்கே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களிடம் நின்று நாலு வார்த்தை பேசியதில்லை. அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

கிளம்பும் முன் வகுப்பில் மேடம் ஒரு சொல்லை விளக்கினார். பெயி. பிரான்ஸ் என்கிற முழு தேசத்துக்கும் அதே சொல், பத்திருபது கிராமம் சேர்ந்த சின்னப் பகுதிக்கும் அதே சொல். உழவரைக் குறிக்கும் பெயிசான் என்ற சொல்லும், கண்ணெதிரே விரிகிற நிலக்காட்சியைக் குறிக்கும் பெயிஸாஜ் என்ற சொல்லும் அதிலிருந்து வந்தவைதான். 2016-இல் அந்த அரசு ஐரோப்பாவில் உள்ள தன் 22 வட்டாரங்களை 13 ஆகச் சுருக்கியது. தோழியின் பூர்கோஞ்கூட பக்கத்து ஃப்ரான்ஷ் கோந்தேயோடு ஒன்றாகிவிட்டது. "மேப்பில் கோடு மாறலாம், பெயி மாறாது" என்றார் மேடம். அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்போது முழுசாகப் புரியவில்லை.

பொங்கல் முடிந்த வாரம், காலை பஸ்ஸில் நானும் தோழியும் ஏறினோம். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். இரண்டு பேரும் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே போனோம். பாதி மலை ஏறும்போதே ஜன்னல் வழியாக வரும் காற்று மாறிவிடுகிறது. இருபதாவது வளைவில் "வேன்" என்று முடித்தபோது ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டோம்.

மேலே போனதும் முதலில் தோழிக்குத்தான் அதிர்ஷ்டம். ஏற்காட்டின் பழைய கான்வென்ட்டான சேக்ரட் ஹார்ட்டை நடத்துவது க்ளூனி சபைச் சகோதரிகள். சேலத்துக்காரர்களுக்கு க்ளூனி என்றாலே பள்ளிக்கூடம்தான். ஆனால் அது பூர்கோஞ்சில் இருக்கும் ஒரு சின்ன ஊர். ஆன் மரி ஜாவூவே என்ற பெண் 1807-இல் தொடங்கிய சபை அந்த ஊரின் பெயரைத் தாங்கி இந்த மலை வரை வந்திருக்கிறது. இன்னொரு பக்கம் 1917-இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளி. அந்தப் பெயர் ப்ரெதாஞ் வட்டாரத்தில் உள்ள ஓர் ஊருடையது, பிரெஞ்சில் சொன்னால் மோன்ஃபோர். எத்தனையோ தடவை பார்த்த பெயர்ப் பலகைகள்தான். இந்த முறை இரண்டு பேரும் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தோம்.

அங்கிருந்து ஆட்டோவில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலை உச்சியில் இப்படி ஒரு சமதளமா என்று யாருக்கும் தோன்றும். 5,326 அடி உயரத்தில், மேய்ச்சல் நிலம் மாதிரி புல்வெளி. அதன் நடுவே குகைக்கோயில். நன்றாகக் குனிந்துதான் உள்ளே போக முடியும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, விளக்கொளியில் சேர்வராயனும் காவேரியம்மனும் தெரிகிறார்கள். குகை அப்படியே காவிரி வரை போகிறது என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. பாறையில் கை வைத்தேன், ஈரமாகச் சில்லென்று இருந்தது. மே மாதத் திருவிழாவுக்கு இந்தப் புல்வெளி முழுக்க மலைக் கிராமத்து மக்கள் கூடுவார்கள்.

திரும்பும் வழியில் ஒரு காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி கழுத்து வரை ஏறியிருக்க, கீழே நிழலில் காப்பிச் செடிகள். பழம் பறிக்கும் நாள். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, நாங்கள் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு கூப்பிட்டார்.

"தின்னு பாரு கண்ணு."

சிவந்த பழம் ஒன்றை விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். தோல் பிளந்து, வழவழவென்று இரண்டு கொட்டைகள், தட்டைப் பக்கம் ஒன்றையொன்று ஒட்டியபடி வெளியே வந்தன. வாயில் போட்டால் மெல்லிய இனிப்பு. காப்பியின் கசப்பு துளியும் இல்லை. தினமும் இரண்டு வேளை காப்பி குடிக்கிறவள் நான். அதன் பழம் இனிக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820-களில் இங்கே கொண்டுவந்த பயிர் இது. அதற்கு முன்னால் என்ன விளைந்தது என்று கேட்டேன். "சாமை, கேவுரு. எங்க காலத்துலகூட சாமைச் சோறுதான்" என்றார்.

"உங்களுக்கு எந்த ஊரு பாட்டி?"

ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, "மோகநாடு" என்று சேர்த்தார்.

தோழியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாட்டியே விளக்கினார். இந்த மலை மூன்று நாடு: சேலநாடு, மோகநாடு, முட்டநாடு. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி ஊர்கள், பெரியவர்கள். முழு தேசமும் நாடு, தமிழ்நாடும் நாடு, பாட்டியின் சில கிராமங்களும் நாடு. நாட்டார் என்ற சொல்லும் அதிலிருந்துதானே? மேடம் விளக்கிய பெயி காப்பிச் செடிகளுக்கு நடுவே என் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

அப்புறம் பாட்டி கதை சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பினார்களாம். ஆளுக்கொரு மலை: சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை. மூத்தவர் வந்தது இங்கே. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது கொல்லிமலை அதோடு போய்விட்டது. கோடு போட்டவர்களைப் பற்றி இந்தக் கதைக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் தம்பி உறவு அப்படியே இருக்கிறது.

இரவு வீட்டில் எழுத உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்கு சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டும் சாமைச் சோறும் போதும் என்று சீக்கிரம் முடித்தேன். இந்த மலை மக்களைக் குறிக்கும் மலையாளி என்ற சொல்லில்தான் நின்றேன். ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் படிப்பவர்கள் கேரளம் என்று நினைத்துவிடுகிறார்கள். இவர்களோ மலையை ஆள்பவர்கள், பேசுவது தமிழ். பிரெஞ்சில் மோன்தாஞார் என்றொரு சொல் இருக்கிறது, மலையில் வாழ்பவர் என்று பொருள். கச்சிதமாகப் பொருந்தியது. அதில் வரும் ஞ ஒலி நமக்குத் தண்ணீர் பட்டபாடு. பூர்கோஞ், ப்ரெதாஞ், மோன்தாஞ் எல்லாம் ஞாயிற்றில் வரும் அதே ஞ.

கடைசி வரிக்கு ஒன்று குறைந்தது. பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாயியிடம், "நம்ம ஓமலூர் எந்த நாடு அம்மாயி?" என்று கேட்டேன்.

"பூவாணிய நாடு" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "ஏன், இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லலையா உனக்கு?"

"மோன் பெயி", அதாவது என் நாடு, என்று தொடங்கி, அந்தப் பெயரைத் தமிழிலேயே எழுதினேன்.