திட்டு

ஜூலை 4
பேங்க் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வரவில்லை.

ஜூலை 5
டெல்லி மெட்ரோ யமுனா பேங்க் ஸ்டேஷன் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் கதவோரம் போய் நின்றுகொள்கிறேன். யமுனைக்கு நடுவில் அந்த மணல் திட்டு இருக்கிறது. மேல்முனை மொட்டை மணல், கீழ்முனையில் நாணல். தண்ணீர் மேலே அரித்து எடுப்பதில் கொஞ்சத்தைக் கீழே கொண்டுபோய் ஒட்டுகிறது. அப்படியே மெல்லத் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கும்.

ஜூலை 8
வடகிழக்கு உறுதியாம். கமலாபாரி பிராஞ்ச் என்று பேச்சு அடிபடுகிறது. மேப்பில் தேடினேன். அசாமில், பிரம்மபுத்திராவுக்கு நடுவில், மாஜுலி என்ற தீவு. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 9
தூக்கம் இல்லை. மணி இரண்டு.

மாஜுலி, மணல் சேர்ந்து முளைத்த தீவு இல்லை. ஆறு இடம் மாறியதால் வந்தது. அந்தக் காலத்தில் பிரம்மபுத்திரா இப்போதைய தீவுக்கு வடக்கே ஓடியிருக்கிறது, தெற்கே வேறொரு ஆறு. 17-ஆம் நூற்றாண்டில் நிலநடுக்கங்கள், பிறகு 1750-இல் பெருவெள்ளம் என்கிறார்கள். பெரிய ஆறு தெற்கே பாய்ந்து சின்ன ஆற்றின் பாதையைப் பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட ஊர்கள் தீவாகிவிட்டன. யாரும் குடிபெயரவில்லை, ஆறுதான் குடிபெயர்ந்தது.

1950 ஆகஸ்ட் 15 ராத்திரி 8.6 அளவில் நிலநடுக்கம். மலைகள் சரிந்து மண்ணெல்லாம் ஆற்றில். படுகை மேடானதும் தண்ணீர் பக்கவாட்டில் கரையை அரிக்க ஆரம்பித்தது. ஒரு காலத்தில் 1,250 சதுர கி.மீ. என்பார்கள், 2014 கணக்கில் 352. ஆற்றோடு போனதில் வயல்கள் இருந்திருக்கும், வீடுகள் இருந்திருக்கும். அவற்றின் மேல் பயிர்க்கடன் இருந்திருக்கும். நிலம் ஆற்றுக்குள் போய்விட்டால் அடமானப் பத்திரத்தை என்ன செய்வது? எனக்கு முன்னால் அந்த பிராஞ்ச் நாற்காலியில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

ஜூலை 10
அம்மா போன். "தீவா இருந்தா என்னடி? எழுபது வருஷமா நான் எங்க இருக்கேன்?"

ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள். சரிதான். ஆனால் அது தானாக நிற்கவில்லையே. கொள்ளிடம் சரிவான பாதை, காவிரியின் படுகை மேடு. விட்டிருந்தால் தண்ணீர் மொத்தமும் கொள்ளிடத்துக்கே போயிருக்கும். 1836-இல் முக்கொம்பில் அணை கட்டித்தான் காவிரிக்குப் பங்கு பிரித்தார்கள். சொன்னேன். "அணைக்கு முன்னாடியே பெருமாள் அங்கதான் படுத்திருக்கார்" என்று போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 13
யமுனையின் மேலே ஹத்னிகுண்ட் தடுப்பணையில் திறந்துவிட்டார்களாம். அங்கிருந்து தண்ணீர் வர இரண்டு மூன்று நாள். 2023-இல் இதே தேதியில்தான் பழைய ரயில் பாலத்தில் 208.66 மீட்டர். அபாய அளவே 205.33. காதர்க்காரர்கள், அதாவது ஆற்றுப்படுகையில் குடியிருப்பவர்கள், எருமைகளோடு மயூர் விஹார் ரோட்டோரம் கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பத்திரமும் கிடையாது, கடனும் கிடையாது.

ஜூலை 15
திட்டு தெரியவில்லை.

ஜூலை 16
லிஸ்ட் வரவில்லை. திட்டும்.

ஜூலை 18
இவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சின்னவளோட ஸ்கூல்?" அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

ஜூலை 21
வடிந்திருக்கிறது. நாணல் இருந்த பகுதி மட்டும் தலை தூக்கியிருக்கிறது, பக்கத்தில் புதிதாக ஈர மணல். வெள்ளம் ஏறும்போது அள்ளும், வேகம் குறையும்போது போட்டுவிட்டுப் போகும். கனமான மணல் முதலில், வண்டல் கடைசியில். புல் பிடித்த இடத்தில் தண்ணீர் தயங்கும். அங்கேதான் அடுத்த வண்டல் படியும். மாஜுலியில் கரையோரம் கான்கிரீட் கம்பங்களைக் குறுக்கும் நெடுக்கும் கட்டிப் போட்டு 'முள்ளம்பன்றி' என்கிறார்களாம். அதுவும் நாணலின் வேலைதான்.

ஜூலை 22
ஆறு போட்ட மண் யாருக்குச் சொந்தம்? 1825-இல் வங்காளத்துக்குக் கிழக்கிந்தியக் கும்பினி ஒரு சட்டம் போட்டிருக்கிறது. கரையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் கரைக்காரனுக்கு. பெரிய ஆற்றின் நடுவில் தீவு எழும்பி, கரைக்கும் அதற்கும் இடையே காலால் கடக்க முடியாத ஆழம் இருந்தால் அரசாங்கத்துக்கு. நடந்தே கடக்கலாம் என்றால் மறுபடி கரைக்காரனுக்கு. எந்த மாதத்து ஆழம்? கோடையிலா, ஆடியிலா?

லிஸ்ட் நாளைக்கு என்கிறார்கள்.

ஜூலை 23
நாளைக்கு.

ஜூலை 24
வந்துவிட்டது. கமலாபாரியேதான். பத்து நாளில் சேர வேண்டும். நிமாத்தி படகுத்துறையிலிருந்து படகில் சிலிண்டர் ஏற்றுவார்களா என்று