நீலியிடம் யாரும் கேட்காத கேள்வி

காட்பாடியிலிருந்து சென்னை செல்லும் ரயில் அரக்கோணத்தைத் தாண்டித் திருவாலங்காட்டைக் கடக்கும்போதெல்லாம், அருகிலுள்ள பழையனூரின் நீலி என் நினைவுக்கு வருவாள். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைப் பேயாகத் தொடர்ந்து வந்தவள், கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊர் அவையின்முன் அழுதாள். 70 வேளாளர்கள் அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாக்கி அவனை அவளோடு அனுப்பினர். மறுநாள் அவன் பிணமாகக் கிடக்க, எழுபதுபேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினர். அவர்களுக்குப் புகழ் நிலைத்தது. அவளுக்கு மிஞ்சியது 'நீலிக்கண்ணீர்' என்ற வசைச்சொல்தான். முதல் கொலையை யாருமே விசாரிக்கவில்லை.

அந்தக் குறைதான் என்னை ஒரு துப்பறியும் கதை எழுத உட்கார வைத்தது. பேய்களும் மனிதர்களும் ஒரே தெருவில் குடியிருக்கும் ஒரு கற்பனை வேலூர். கோட்டை அகழியோரம் ஒரு பிணம். விசாரிப்பவர் ஓய்வுபெற்ற செவிலி. மருத்துவமனைகளால் பெயர் பெற்ற ஊருக்கு அதுவே பொருத்தம் என்று தோன்றியது. யார் எதிரில் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "எங்கே வலிக்கிறது?" என்பதுதான்.

இத்தகைய கதையில் ஒரு சிக்கல் உண்டு. செத்தவரே பேசுவாரென்றால் மர்மம் முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஆகவே, இறந்தவருக்குக் கடைசி உணவு மட்டுமே நினைவிலிருக்கும் என்று ஒரு விதி வைத்தேன். என் கதையில் இறந்தவருக்கு நினைவிருப்பது கத்தரிக்காய்க் கொத்சும், நறுக்கும்போது காம்பின் முள் விரலில் குத்தியதும். (2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வருமா?) அவரே காய் நறுக்கினாரென்றால், அன்று தானே சமைத்ததாகச் சத்தியம் செய்யும் சமையல்காரர் வீட்டில் இருந்திருக்க முடியாது.

படித்துப் பார்த்த தோழி, "இவ்வளவு இரக்கமுள்ளவர் கொலைகாரனை விட்டுவிடுவாரோ?" என்று கேட்டாள். விடமாட்டார். அவனை அவையில் ஒப்படைக்கும் முன், விடியும்வரை பக்கத்தில் அமர்ந்து அவன் சொல்வதைக் கேட்பார், அவ்வளவுதான்.

கடைசி அத்தியாயத்தில் நீலியும் சாட்சியாக வருகிறாள். செவிலி அவளிடமும் அதே கேள்வியைக் கேட்கிறார். அவளுடைய பதிலை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அடித்துவிட்டேன்.